மருந்துப் பட்டியல்: நிறுத்திய மருந்து ஏன் பட்டியலை விட்டுப் போவதே இல்லை?

மாலை_ஓபி

கம்ப்யூட்டரில் ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் 14 மருந்து இருக்கும். “எல்லாம் சாப்பிடறீங்களா?” என்று கேட்டால், “ஆமாம் டாக்டர், எழுதினது எல்லாம் சரியா சாப்பிடறேன்” என்பார். பையைக் கொட்டிப் பார்த்தால் ஒன்பது வகைதான் இருக்கும், அதிலும் இரண்டு நம் பட்டியலிலேயே கிடையாது. அப்படியென்றால் மீதி ஏழு என்ன ஆயிற்று? தோண்டித் துருவிக் கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்றை வேறு டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார், ஒன்று தலைசுற்றியதால் அவரே விட்டுவிட்டார், ஒன்று ஐந்து நாளுக்கான ஆன்டிபயாடிக், அது எப்போதோ முடிந்துபோனது, இன்னொன்றில் டோஸ் மாறியபோது பழைய டோஸ் ஒரு வரி, புதிய டோஸ் ஒரு வரி என்று இரண்டும் தங்கிவிட்டன.

ஒரு மருந்தைத் தொடங்கும்போது சீட்டு இருக்கும், பில் இருக்கும், அட்டை இருக்கும், கம்ப்யூட்டரில் பதிவும் இருக்கும். நிறுத்தும்போது இதில் எதுவுமே கிடையாது. “அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை இனிமேல் வேண்டாம்” என்று வாயால் சொல்வதோடு சரி. அதனால்தான் நம் பட்டியல்கள் எல்லாம் ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகின்றன.

மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் சேர்த்துத் தருவோம். பொதுவாக 12 மாதம், ரத்தக்கசிவு அபாயத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். அந்த ‘12 மாதம்’ என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக இருக்கும், பட்டியலில் இருக்காது. பட்டியலில் ‘தினமும் ஒன்று’ மட்டும்தான். அடுத்து பார்ப்பவர், அதற்கடுத்து பார்ப்பவர் எல்லாரும் ‘இதய டாக்டர் எழுதியது, நாம் ஏன் தொடவேண்டும்’ என்று அப்படியே புதுப்பித்துக்கொண்டே போவார்கள். ஐசியூவில் வயிற்றுப்புண் வராமல் இருக்கத் தொடங்கிய பான்டோப்ரசோல் வருஷக்கணக்கில் ஓடுவதும் இதே கதைதான்.

உங்கள் இடத்தில் பட்டியலை யார் சரிபார்க்கிறார்கள்? ஒரு வரியை எடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

மருந்தக_மேசை

மருந்தகத்திலிருந்து எழுதுகிறேன். டாக்டர் வாயால் நிறுத்துகிறார், ஆனால் சீட்டு எங்களிடம் உயிரோடு இருக்கிறது. அதில் மறுநிரப்பு (அதே சீட்டுக்கு மறுபடி மருந்து வாங்கும் தவணை) மீதி இருந்தால், நோயாளியோ வீட்டுக்காரரோ வந்து கேட்கும்போது நாங்கள் கொடுக்கத்தான் செய்வோம், கொடுக்காமல் இருக்க எங்களுக்கு ஒரு காரணமும் தெரியாது. மின்சீட்டு முறைகளுக்கான தரநிலையில் ‘இந்தச் சீட்டை ரத்து செய்’ என்று மருந்தகத்துக்குச் செய்தி அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் டாக்டர் பக்க மென்பொருள், மருந்தகப் பக்க மென்பொருள் இரண்டிலும் அது இயக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். இல்லையென்றால் உங்கள் திரையில் நிறுத்திய மருந்து என் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

டோஸ் மாற்றம்தான் எனக்கு மிகவும் பயம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலால் 2.5 மில்லிகிராம் எடுத்தவருக்கு 5 ஆக உயர்த்துகிறார்கள். புதுச் சீட்டு வருகிறது, பழையது ரத்தாகவில்லை, இரண்டும் வீட்டுக்குப் போகிறது, அவர் இரண்டையும் போடுகிறார். நாடித்துடிப்பு இறங்கித் தலைசுற்றலோடு வருகிறார், தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை எழுதப்படுகிறது. பட்டியலில் இன்னொரு வரி கூடிவிட்டது.

அப்புறம் பெயர்ச் சிக்கல். கொலஸ்ட்ராலுக்கான ஒரே அடோர்வாஸ்டாட்டின் இரண்டு பிராண்டு பெயரில் இருந்தால் நோயாளிக்கு அது இரண்டு மருந்துதான். கூட்டு மாத்திரை இன்னும் மோசம். ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரு மாத்திரை பட்டியலில் பிராண்டு பெயரில் மட்டும் இருக்கிறது, இன்னொருவர் அதைக் கவனிக்காமல் டெல்மிசார்டானைத் தனியாக எழுதுகிறார். பிராண்டு பெயர், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இரண்டையும் ஒரே வரியில் போட்டால் இதில் பாதி பார்த்த உடனே பிடிபட்டுவிடும்.

செவிலி_அறை3

மாலை_ஓபி டாக்டர், நீங்கள் கேட்கும் கேள்வியிலேயே பிரச்சினை இருக்கிறது. “எல்லாம் சாப்பிடறீங்களா?” என்றால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ‘இல்லை’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பட்டியலைப் படித்துக் காட்டித் தலையாட்ட வைப்பது சரிபார்ப்பே இல்லை.

நான் திரையைத் திருப்பி வைத்துவிடுவேன். “காலையில எழுந்ததும் முதல்ல போடற மாத்திரை எது?” என்று தொடங்குவேன். அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால், மத்தியானம், ராத்திரி, படுக்கும்போது என்று அவருடைய நாளோடு கூடவே போவேன். “போன வாரத்துல எத்தனை தடவை விட்டுப் போச்சு?” என்று கேட்பேன். “விட்டுப் போச்சா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘எத்தனை தடவை’ என்றால் விட்டுப்போவது சகஜம்தான் என்று அவர்களுக்கே தோன்றி, தயங்காமல் சொல்வார்கள். தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போட்டு ஒரே வாய் தண்ணீரில் விழுங்குவது இந்தக் கேள்வியில்தான் தெரியவரும். இரண்டும் பட்டியலில் சரியாகவே இருக்கும், டோஸும் சரியாகவே இருக்கும். நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி இல்லாததால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராமல், டிஎஸ்எச் (தைராய்டு குறைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறி, டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

அதன் பிறகுதான் வாயால் சாப்பிடாதவற்றைக் கேட்பேன். ‘மருந்து’ என்றால் பலருக்கு மாத்திரை மட்டும்தான். கண் சொட்டு மருந்தா? இன்ஹேலர் மருந்தா? ஒட்டும் பட்டை, தோல் களிம்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் எலும்பு ஊசி இதெல்லாம் கேட்காமல் வராது. குளுகோமாவுக்கு டிமோலால் சொட்டு விடுபவருக்கு ஆஸ்துமா இருந்தால் அந்தச் சொட்டே மூச்சுத்திணறலைக் கிளப்பும். அதுவும் பிசோப்ரோலால் மாதிரியே நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகைதான். மருந்தக_மேசை சொன்ன அந்த பிசோப்ரோலால் நோயாளி கூடவே இதையும் விட்டுக்கொண்டிருந்தால் நாடி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை மருந்துகளுக்குத் தனியாக ஒரு கேள்வி வேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். அதையே தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம், போயிருக்கிறது. பட்டியலில் ‘வாரம் ஒருமுறை’ என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தக் கிழமை, எந்த நோய்க்கு என்பதும் இருக்க வேண்டும்.

பழைய_ஸ்டெத்

எல்லாம் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிஷம் கிடைக்கிற ஓபியில் 14 மருந்தையும் இப்படி நாள் முழுக்க நடத்திக் கேட்டால் அவர் எதற்கு வந்தார் என்று எப்போது கேட்பது?

இது புதுப் பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன் மருந்து ஒத்திசைவை (பட்டியலையும் நோயாளி உண்மையில் எடுப்பதையும் ஒப்பிட்டுச் சரிசெய்வதை) 2005இல் தேசிய நோயாளி பாதுகாப்பு இலக்காகக் கொண்டுவந்தது. நடைமுறைப்படுத்துவது மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்று 2009இல் அவர்களே அதற்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவைத்தார்கள். 2011இல் இலக்கைத் திருத்தி எழுதியபோது, தகவலைப் பெற மனசார முயற்சி செய்திருந்தால் அதையே ஏற்கலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள். நோயாளிக்கே தெரியாததை நாம் எப்படி எழுதமுடியும் என்ற கேள்விக்கு அவர்களிடமும் பதில் இல்லை.

இரண்டாவது, பொறுப்பு. இன்னொரு நிபுணர் எழுதிய மருந்தை நான் பட்டியலிலிருந்து எடுத்து, அதனால் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? எடுக்காமல் விட்டதற்காக யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. இப்படி இருக்கும்போது எவரும் கை வைக்காமல் இருப்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

அப்பாவின்_பெட்டி

நான் மருத்துவத் துறையில் இல்லை. அப்பாவுக்கு மருந்து எடுத்து வைப்பது நான்தான், அதனால் எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டு கணுக்காலும் வீங்கியது. வேறு ஒரு டாக்டரிடம் காட்டினோம், நீர் போவதற்கு ஃபுரோசமைடு எழுதினார். ராத்திரி நாலைந்து முறை எழுந்து போக ஆரம்பித்தார். அதற்குச் சிறுநீர்ப்பை மாத்திரை ஒன்று வந்தது. அதைப் போட்டதும் வாய் வறண்டு, பேச்சு குழறி, ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார், மறதியோ என்று எல்லாரும் பயந்துபோனோம். கடைசியில் ஒரு டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையும் எப்போது தொடங்கியது என்று தேதி வரிசையில் எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர் விரல் ஆம்லோடிபின்மேல் போய் நின்றது. அதை மாற்றினார், பின்னால் வந்த இரண்டையும் படிப்படியாக நிறுத்தினார், அப்பா பழைய அப்பாவாகிவிட்டார்.

மூன்று இடத்தில் மூன்று பட்டியல் இருந்தது, மூன்றிலும் மருந்துகளின் பெயர் சரியாகத்தான் இருந்தது. எதற்காக என்பதும் எப்போதிலிருந்து என்பதும் மட்டும் ஒன்றில்கூட இல்லை. அது இருந்திருந்தால் எங்களுக்கே புரிந்திருக்கும் என்று இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று கேட்கவேண்டும். ‘எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வாங்க’ என்கிறார்கள். நான் வாராந்தரப் பெட்டியில் பிரித்துப் போட்டு வைத்திருப்பேன். அதைக் கொண்டுபோனால் வெறும் வெள்ளை மாத்திரைகளைப் பார்த்து அவர்களாலும் ஒன்றும் சொல்லமுடிவதில்லை. எதைக் கொண்டுவரவேண்டும்?

மருந்தக_மேசை

@அப்பாவின்_பெட்டி, அட்டை, புட்டி, டப்பா எல்லாவற்றையும் பெயர் தெரிகிற மாதிரி அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். காலியான அட்டையையும் அடுத்த முறை வரும்வரை தூக்கிப் போட வேண்டாம். பெட்டியையும் கூடவே கொண்டுவாருங்கள், புதன்கிழமை ராத்திரி அறையில் மாத்திரை அப்படியே கிடந்தால் அதுவும் ஒரு தகவல்தானே. டாக்டர் எழுதாமல் நீங்களாக வாங்கிய வலி மாத்திரை, சளி மருந்து, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி எல்லாம் அதே பையில் வரட்டும். வாங்கி வைத்துப் போடாமல் இருப்பவையும் வரட்டும்.

உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்குப் பெயரே இருக்கிறது, ‘மருந்துச் சங்கிலி’ என்று நாங்கள் சொல்வோம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்தை எழுதுவது. 1990களின் நடுவில் ரோஷான், குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆம்லோடிபின், கால் வீக்கம், ஃபுரோசமைடு என்பது அதில் எல்லாரும் சொல்லும் உதாரணம்.

சிறுநீரக_ஓபி

நான் பட்டியலில் இல்லாததைத்தான் முதலில் தேடுவேன். அழுத்தத்துக்கு ரமிப்ரில் இருக்கும், நீர் மாத்திரை இருக்கும், இரண்டும் சரியான காரணத்துக்கு எழுதியவை. மூட்டுவலிக்கு அவரே வாங்கிப் போடும் டைக்ளோபினாக் அதில் இருக்காது. இந்த மூன்றும் சேர்ந்தால், அதுவும் வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போன நேரத்தில் சேர்ந்தால், சிறுநீரகம் சடாரென்று படுத்துவிடும். பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டு மருந்துதான் இருக்கிறது, எந்த எச்சரிக்கையும் வராது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இதே வலி மாத்திரை ரத்தக்கசிவாக முடியும்.

மருந்து மாறாமல் ஆள் மாறுவதும் உண்டு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் பல வருஷமாக அதே டோஸ், பட்டியலும் அட்சரம் பிசகாமல் சரி. ஆனால் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) 30க்குக் கீழே வந்துவிட்டது, இப்போது அந்த மருந்து அவருக்கு ஆகாது. அதனால் பட்டியல் சரியாக இருக்கிறது என்பதோடு வேலை முடிந்துவிடாது. ஆனால் பட்டியலே பொய்யாக இருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை.

தரவுப்_பக்கம்

மருத்துவ மென்பொருள் எழுதுபவன். பழைய_ஸ்டெத் சொன்ன பொறுப்புப் பிரச்சினையில் பாதி நாங்கள் கட்டிய அமைப்பிலிருந்து வருகிறது. பெரும்பாலான திரைகளில் ‘மருந்துப் பட்டியல்’ என்று காட்டுவது உண்மையில் எழுதப்பட்ட ஆணைகளின் தொகுப்பு. டாக்டர் எழுதியது ஒரு தகவல், நோயாளி எடுப்பது வேறு தகவல். எஃப்எச்ஐஆர் என்ற தரவுத் தரநிலையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வகையே வைத்திருக்கிறார்கள். ஆனால் திரைக்கு வரும்போது இரண்டையும் ஒரே வரியாக்கி, பக்கத்தில் ஒரு ‘நீக்கு’ பொத்தானை வைத்துவிடுகிறோம். அதை அழுத்த யாருக்கும் தைரியம் வராது.

இன்னொரு பொத்தான் ‘பட்டியல் சரிபார்க்கப்பட்டது’. ஒரே தட்டு, வேலை முடிந்தது, தர அறிக்கையில் எண்ணிக்கை ஏறிவிடும். யாரிடம் கேட்டார், எதைப் பார்த்தார், என்ன மாறியது என்று எதுவும் பதிவாகாது. இந்தப் பொத்தானை வைத்து எடுக்கும் சதவீதம் பட்டியலின் தரத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது, அதை நம்பிக் கூட்டத்தில் பாராட்டு வாங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பயிற்சி_மருத்துவர்

ஒரு சந்தேகம். நோயாளி ‘இதை நான் விட்டுட்டேன்’ என்று சொல்கிறார். நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா, கூடாதா? சீனியர்களில் ஒருவர் எடு என்கிறார், ஒருவர் தொடாதே என்கிறார்.

மாலை_ஓபி

எடுக்காதே தம்பி, ஆனால் அப்படியே விட்டும்விடாதே. ‘எடுப்பதில்லை’ என்று குறித்துவிட்டு, எப்போதிலிருந்து, ஏன், யார் சொன்னது என்பதைப் பக்கத்திலேயே எழுது. ‘தலைசுற்றியதால் இரண்டு மாதமாக நோயாளியே நிறுத்தியிருக்கிறார், மகள் சொன்னது’ என்று இருந்தால் போதும். நீ அந்த மருந்தை நிறுத்தவில்லை, நடந்ததைத்தான் எழுதுகிறாய், அதற்கு இன்னொரு நிபுணரின் அனுமதி தேவையில்லை. தொடரலாமா வேண்டாமா என்பது அடுத்த முடிவு, அதை எழுதியவரிடமோ நோயாளியை மொத்தமாகப் பார்ப்பவரிடமோ கேட்டுச் செய்யலாம். பழைய_ஸ்டெத் சார் சொன்ன பயம் நியாயமானது, ஆனால் அது இந்த இரண்டாவது முடிவுக்குத்தான் பொருந்தும். முதலாவதை எழுதாமல் விடுவதற்கு அது காரணமாகக் கூடாது.

ஏன் அழிக்கக்கூடாது என்றால், அழித்துவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே மருந்தைப் புதிதாக எழுதுவார். எதனால் நிறுத்தினோம் என்பது மருந்தின் பெயர் அளவுக்கே முக்கியம். ரமிப்ரிலால் இருமல் வந்தது என்று ஒரு வரி இருந்தால் அடுத்தவர் எனலாப்ரில் எழுதமாட்டார், இரண்டும் ஒரே வகை.

செவிலி_அறை3

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது டாக்டர், ‘தற்காலிகமாக நிறுத்தியது’. இதை யாரும் இங்கே சொல்லவில்லை. எண்டோஸ்கோப்பிக்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ வார்ஃபரினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். மறுபடி தொடங்க யார் சொல்வது? நிறுத்தச் சொன்னவர் வேறு, மருந்தை எழுதியவர் வேறு, அதற்குப் பிறகு பார்ப்பவர் வேறு. பட்டியலில் மருந்து இருக்கிறது, அதனால் எல்லாரும் அவர் எடுக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். இதயத் துடிப்பு சீரில்லாத ஒருவர் அப்படியே பக்கவாதத்தோடு வந்தால்தான் தெரியும். நிறுத்தவேண்டியது ஓடுவது எவ்வளவு ஆபத்தோ, ஓடவேண்டியது நின்றுபோவதும் அவ்வளவு ஆபத்து. தற்காலிகம் என்று குறித்தால், மறுபடி எந்தத் தேதி தொடங்கவேண்டும், அதை யார் சொல்லவேண்டும் என்று எழுதாமல் அந்தத் திரை மூடவே கூடாது என்பேன்.

தரவுப்_பக்கம்

குறித்துக்கொண்டேன். தேதி இல்லாமல் ‘தற்காலிகம்’ என்ற நிலையைச் சேமிக்கவிடாமல் செய்வது எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

பழைய_ஸ்டெத்

மாலை_ஓபி பிரித்துச் சொன்னது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. எடுக்கிறாரா என்று எழுதுவது வேறு, எடுக்கவேண்டுமா என்று முடிவு செய்வது வேறு. முதலாவதைச் செவிலியரோ மருந்தாளுநரோ செய்து என் மேசைக்கு அனுப்பலாம், நான் அதில் கோணலாக இருப்பதை மட்டும் பார்த்தால் போதும், பத்து நிமிஷத்துக்குள் அடங்கும்.

எல்லாருக்கும் எல்லாம் செய்யமுடியாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி முதல்முறை வருபவர், இன்சுலின், வார்ஃபரின் மாதிரி மருந்து எடுப்பவர், அஞ்சாறு மருந்துக்கு மேல் போடுபவர், இவர்களுக்கு முழுசாகச் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ‘தீங்கில்லாத மருந்து’ என்று ஓர் இயக்கம் தொடங்கியபோதும் அபாயம் கூடிய சூழல்கள், பல மருந்து சேர்த்து எடுப்பது, ஒரு சிகிச்சை இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவது என்று இந்த மூன்றைத்தான் முன்னால் வைத்தது. ஒரே ஒரு தைராய்டு மாத்திரை போடும் இளைஞருக்கு அரை நிமிஷம் போதும்.

பயிற்சி_மருத்துவர்

நன்றி சார். நாளையிலிருந்து ‘ஏன்’ என்ற பத்தியைக் காலியாக விடமாட்டேன்.

அப்பாவின்_பெட்டி

நீங்கள் எல்லாரும் உங்கள் திரையில் நிறுத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கைக்கு வரும் அச்சுத்தாளில் தொடரும் மருந்துகள் மட்டும்தான் இருக்கும், நிறுத்தியது அதில் சும்மா காணாமல் போயிருக்கும். 12 வரி இருந்த தாள் 11 வரியாக வந்தால் எது போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? அச்சுப்பிழை என்று நினைத்து அந்த மாத்திரையை நான் தொடர்ந்து போட்டுக்கொண்டேதான் இருப்பேன். நிறுத்தியதைத் தாளின் தலைப்பிலேயே, கொட்டை எழுத்தில், ‘இதை இனிமேல் போட வேண்டாம், காரணம் இது’ என்று எழுதித் தந்தால் அன்று ராத்திரியே பெட்டியிலிருந்து எடுத்துவிடுவேன்.

மாலை_ஓபி

இதை எங்கள் ஓபியில் அடுத்த வாரமே கேட்டுப் பார்க்கிறேன். நிறுத்தியவை மேலே, டோஸ் மாறியவை அதற்குக் கீழே, புதியவை அதற்கடுத்து, மாறாமல் தொடர்பவை கடைசியில். அச்சு அமைப்பை மாற்ற நேரமாகும் என்றால் அதுவரை முதல் வரியைக் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்.

மருந்தக_மேசை

அந்தத் தாளின் நகல் ஒன்று எங்களுக்கும் வரட்டும் டாக்டர், நிறுத்தியதற்கான சீட்டை அன்றே ரத்து செய்துவிடுகிறோம். நிறுத்திய மருந்துக்கு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை மட்டும் எழுதாமல் பிராண்டு பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் அட்டையில் பெரிதாகத் தெரிவது அந்தப் பெயர்தான்.